சிவப்பு மையில் சனி மாலை

நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நம் வகுப்பு மொத்தமும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்திருக்கிறோம். பிரஷர் மாத்திரை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் கோடை லீவைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். சிட்லபாக்கம் ஏரிக்கரை கிரிக்கெட், செம்பாக்கம் வரை சைக்கிள், கை நிறையத் திருட்டு மாங்காய். போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆறாவது முடிஞ்ச லீவுல உன்னை ஒரு நாள்கூடப் பார்த்த ஞாபகம் இல்லையே, ஊருக்குப் போயிருந்தியா?"

நான் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். அக்கா மருந்தைப் புகையாக இழுப்பாள், நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் அந்த லீவு.

அக்கா இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். அந்தக் கோடையில் அவள் சாகவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தாள், கல்லூரிக்குப் போனாள், என்னோடு சண்டை போட்டாள். நான் எழுத வந்தது வேறு.

அவளுக்கு இருந்த வியாதியின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நம் தெருவில் அந்தப் பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. நுரையீரலில் சளி கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதில் கிருமி குடியேறும், இருமி இருமித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். வியர்வையில் உப்பு அதிகம். அக்காவின் பள்ளிச் சட்டையில் அக்குள் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். சின்ன வயதில் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தால் கடல் தண்ணீர் மாதிரிக் கரித்தது என்று அம்மா சொல்வாள். அதை ஒரு செல்லக் கதையாகத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு எட்டு வயதானபோது ஒரு டாக்டர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வியர்வையைச் சோதிக்கச் சொன்ன பிறகு, அம்மா அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அக்கா இருமுவதைக் கேட்டு, சர்ச்சில் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "சானடோரியத்துல காட்டினீங்களா டீச்சர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். டி.பி. என்றே முடிவு கட்டியிருந்தார்கள். அம்மா, "இல்லீங்க, ஆஸ்துமா மாதிரி" என்பாள். அம்மா ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளுக்கு விளக்கத் தெரியாமல் இல்லை, விளக்கி அலுத்துவிட்டது.

நம் எல்லார் வீட்டிலும் சளி பிடித்த பிள்ளைக்கு ஒரு சட்டம் இருந்ததே, அது எங்கள் வீட்டில் வருடம் முழுக்க இருந்தது. பிரிட்ஜ் தண்ணீர் கூடாது. ஐஸ்கிரீம் கூடாது. ராத்திரி தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது. குளிர்ச்சி எது நெஞ்சுக்குள் போனாலும் சளியாகிவிடும். எங்கள் வீட்டு பிரிட்ஜ் அக்காவைப் பொறுத்தவரை தொடக்கூடாத சாமான். எனக்கும் அவளுக்கு முன்னால் ஜில்லென்று எதையும் குடிக்க அனுமதி இல்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் அக்காவின் சளியில் ஒரு பிடிவாதமான கிருமி இருப்பதாகச் சொல்லி டாக்டர் புது மருந்து எழுதினார். ஊசியாகப் போடும் ஆன்டிபயாடிக்கைப் போலத்தான் இருந்தது. சின்ன கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, உள்ளே வெள்ளைப் பவுடர். ஆனால் இதை உடம்பில் குத்தக் கூடாது. ரப்பர் மூடி வழியாக ஊசியால் உப்புத் தண்ணீர் விட்டுக் கலந்து, நெபுலைசர் மெஷினில் ஊற்றிப் புகையாக்கி, வாயில் குழாயை வைத்து இழுக்க வேண்டும். முதல் தடவை ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். மூச்சு திணறுகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் உட்கார்த்தி வைத்தார்கள். திணறவில்லை. "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டதற்கு, "கசக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா.

நர்ஸ் ஒருவர் அம்மாவுக்குக் கலக்கச் சொல்லிக் கொடுத்தார். "குலுக்காதீங்கம்மா, நுரை வந்துடும். ரெண்டு உள்ளங்கையிலயும் வெச்சு மெதுவா உருட்டுங்க." அம்மா நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். கை கழுவ வேண்டும். முதலில் மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து, கால் மணி நேரம் இடைவெளி, பிறகு முதுகு தட்டிச் சளியை எடுக்க வேண்டும், அதற்கும் பிறகுதான் இது. வேறு எந்த மருந்தோடும் இதைச் சேர்த்து ஊற்றக் கூடாது. முடிந்ததும் மெஷினின் மருந்துக் கிண்ணத்தையும் குழாயையும் கழுவி, வெந்நீரில் போட்டு, துடைக்காமல் காற்றில் உலர்த்த வேண்டும். மொத்தம் பதினோரு விதி. வீட்டுக்கு வந்து அடிக்கோடு போட்டாள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. நேரிலேயே செய்து காட்டிய பிறகு தாளில் என்ன இருக்கப்போகிறது?

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. காலையும் மாலையும் அம்மா அப்போதைக்கப்போது கலந்து கொடுத்தாள். அக்கா கசப்பு போக வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து போவாள். இருமல் குறைந்தது. தெருக்கோடிவரை நிற்காமல் நடந்தாள். அந்த வருடம் சர்ச்சில் வி.பி.எஸ். நடக்கும்போது தன்னைக் குட்டிப் பிள்ளைகளுக்கு டீச்சராகப் போடச் சொல்லிக் கேட்டிருந்தாள். மே மாதம் பத்து நாள் நடக்கும் லீவு வகுப்பு அது, பாட்டும் கதையும் காகிதம் ஒட்டுவதும். உங்களில் சிலர் மதம் பார்க்காமல் பிஸ்கெட்டுக்காக வந்திருக்கிறீர்கள். அக்காவைப் பாடம் எடுக்கப் போட்டுவிட்டார்கள். அவள் வண்ணக் காகிதத்தில் மீன்கள் வெட்ட ஆரம்பித்தாள்.

ஏப்ரலில் அம்மாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. சென்டர் நகரத்துக்குள் எங்கோ இருந்தது. ஆறரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, சானடோரியம் ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயின் பிடிக்க வேண்டும். அதற்கு முன் மருந்து கொடுப்பதென்றால் அக்காவை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டும். அவள் இருமல் அடங்கித் தூங்குவதே விடியற்காலையில்தான். அம்மாவுக்கு எழுப்ப மனசு வரவில்லை. அப்பாவுக்கு கிண்டியில் வேலை, எட்டுக்குத்தான் கிளம்புவார். ஆனால் ஊசியைக் கண்டாலே அவருக்குக் கை உதறும். ஒரு குப்பியைக் கீழே போட்டு உடைத்தார். இன்னொன்றில் ஊசி வளைந்தது. "என்னால முடியல, விட்டுடு" என்றார்.

அம்மா மெயின் ரோட்டு மெடிக்கல் ஷாப்பில் கேட்டாள். நானும் கூட இருந்தேன். "இதைக் கலந்து பிரிட்ஜ்ல வெச்சா தாங்குமா சார்?"

"ஏன் தாங்காது மேடம்? புள்ளைங்களுக்கு ஆன்டிபயாடிக் சிரப் கலந்து ஒரு வாரம் வெச்சுக் குடுக்கறீங்கள்ல? அதே கேஸ்தான்."

அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நம் எல்லார் வீட்டு பிரிட்ஜ் கதவிலும் அந்த மாம்பழ வாசனை சிரப் நின்றிருக்கிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். இதற்குப் போய் டாக்டரைத் தொந்தரவு செய்வதா என்று அம்மா விட்டுவிட்டாள். படித்தவர்களுக்கு இந்த மாதிரி ஒரு கூச்சம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அம்மா வாரத்துக்கான இட்லி மாவை அரைப்பாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையை முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து மருந்தையும் கலப்பாள். வெந்நீரில் போட்டு எடுத்த பன்னிரண்டு சின்னப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவால் எழுதுவாள்: திங்கள் காலை, திங்கள் மாலை, செவ்வாய் காலை. சனி மாலையில் முடியும். அவள் திரும்பி வர இருட்டிவிடும் என்பதால் மாலைக்கும் சேர்த்தே கலந்தாள். மாவுச் சட்டியும் புட்டிகளும் பிரிட்ஜில் ஒரே தட்டில் இருந்தன. இவ்வளவு ஒழுங்காக ஒரு வீடு நடந்து நான் பிறகு பார்த்ததில்லை.

ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே அக்காவின் நெஞ்சுக்குள் விடுவது எப்படி? சட்டம் இருக்கிறதே. அதற்கும் அம்மா வழி வைத்திருந்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் வெந்நீர், அதற்குள் பத்து நிமிடம் புட்டியை நிறுத்த வேண்டும். ஜில்லிப்பு போய்விடும். அந்த வேலை என்னுடையது. டம்ளர் என் பொறுப்பு, அக்கா முழுதாக இழுக்கிறாளா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. அப்பா வெளியே ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பார்.

முதல் வாரத்திலேயே அக்கா சொன்னாள். "மருந்து கடிக்குதும்மா."

"கடிக்குதுன்னா? எரியுதா, வலிக்குதா?"

"இல்ல. உள்ள கடிக்குது." கழுத்துக்குக் கீழே கையை விரித்துக் காட்டினாள். "இழுக்க இழுக்க இறுக்கிக் கடிக்குது."

"போன மாசம் இதே மருந்துதானே? அப்பக் கடிக்கல, இப்ப எப்படிக் கடிக்கும்?"

சரியான கேள்விதான். அம்மா அதைப் பதிலாக வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் தப்பு. அக்கா இன்னொன்றும் சொன்னாள். திங்கட்கிழமை பரவாயில்லை, வியாழன் வெள்ளிதான் ரொம்பக் கடிக்கிறது என்றாள். அம்மா சிரித்தாள். "என் கிளாஸ் பசங்களும் அப்படித்தான். திங்கக்கிழமை நல்லா இருப்பாங்க, வெள்ளிக்கிழமை வயித்து வலி வரும்." அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "ஒழுங்கா மருந்து எடுத்தாதான் வி.பி.எஸ்., சொல்லிட்டேன்" என்றாள்.

அக்கா காகித மீன்களை வெட்டினாள். இருமல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. இருமல் ஏறுவதால் மருந்தை இன்னும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அம்மா மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே என்னைத்தான் கேட்பாள். "சின்னவளே, முழுசா எடுத்தாளா?" நான், "எடுத்தா" என்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் எல்லாக் கேள்வியும் அக்காவைப் பற்றித்தான், ஆனால் இந்தக் கேள்வி ஒன்று என்னிடம் கேட்கப்பட்டது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை காலை. நான் வியாழன் காலைப் புட்டியை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு மட்டும் வேணாம்டி" என்றாள். பின்பக்கம் போய்ச் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினாள். மெஷினில் வெறும் உப்புத் தண்ணீரை விட்டு ஓட்டினாள், அப்பாவுக்குச் சத்தம் கேட்க வேண்டுமே. பிறகு தன் பென்சில் பாக்ஸிலிருந்து ஊதா ஜெல் பேனாவை எடுத்து எனக்குக் கொடுத்தாள். அதில் மினுமினுப்பு இருந்தது, நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. "சொல்லாத, என்ன?"

"சொல்ல மாட்டேன்."

அன்று மதியம் அக்கா நன்றாக இருந்தாள். ரெண்டு தட்டு சாப்பிட்டாள். குட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் போகும் பாட்டை எனக்குப் பாடிக் காட்டினாள், நடுவில் ஒரே ஒரு தடவைதான் இருமினாள். நான் அதையெல்லாம் பார்த்தேன். எனக்கும் கண் இருந்தது.

மாலையில் அம்மா கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். பேனாவையும் வாங்கிக்கொண்டேன், காட்டியும் கொடுத்துவிட்டேன். எனக்கு அப்போது ஒரு உறுத்தலும் இல்லை. அம்மா அடிக்கவில்லை, கத்தவில்லை. அக்காவுக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வியாழன் மாலைப் புட்டி முழுவதையும் இழுக்க வைத்தாள். மறுநாள் காலை நானும் அப்பாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். வெள்ளிக்கிழமை மாலை அம்மா சீக்கிரமே வந்துவிட்டாள்.

"கடிக்குதும்மா. ப்ளீஸ்மா."

"இன்னும் கொஞ்சம்தான் கண்ணு. மெதுவா இழு. நான் இருக்கேன்ல?"

பாதி போயிருக்கும். அக்கா குழாயைக் கீழே போட்டாள். வாயைத் திறந்தாள், உள்ளே ஒன்றும் போகவில்லை. தொண்டைக் குழி பள்ளமாக உள்வாங்கியது. உதடு நீல மை குடித்த காகிதம் மாதிரி நிறம் மாறியது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

அப்பா இன்னும் வரவில்லை. முக்கு ஸ்டாண்டில் இருந்த ஆட்டோக்காரர் பார்த்ததுமே இறங்கி ஓடி வந்தார். "இன்னா டீச்சரம்மா, இன்னா ஆச்சு பாப்பாவுக்கு? ஏறு, ஏறு, சாஞ்சிக்கச் சொல்லு!" ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் போட்டிருந்தது. ஒரு டிரெயின் போனது. கேட் திறக்கவில்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று வர வேண்டுமாம். ஆட்டோக்காரர் இறங்கிப் போய்க் கேட்காரரிடம் கத்தினார். "அய்ய, கொயந்த மூச்சு வுடாம கீது, நீ இன்னா வேடிக்க பாத்துகினு கீறே?" கேட்காரர் என்ன செய்வார்? அம்மா அக்காவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தாளம் தப்பாமல், தினமும் தட்டுகிற மாதிரியே. எனக்கு அழுகை வரவில்லை. சிக்னல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்தால் அந்தக் கம்பம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, உள்ளே கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். அம்மாவைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை, சும்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். மூச்சுக்குழாய் திறக்கும் மருந்தை முதலில் கொடுத்தீர்களா, குழாய் சுத்தமா, என்ன அளவு. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் சரியான பதில் இருந்தது. நோட்டைக்கூடக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

"எப்பக் கலந்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை டாக்டர். நல்லாக் கை கழுவிட்டு, புட்டியெல்லாம் கொதிக்க வெச்சு. பிரிட்ஜ்லதான் இருந்தது. குடுக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல வெச்சு ஜில்லிப்பு எடுத்துடுவோம்."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பவுடரா இருக்கிறவரைக்கும் ஒண்ணும் பண்ணாதும்மா. தண்ணியில கலந்த நிமிஷத்துலேருந்து வேற ஒண்ணா மாற ஆரம்பிச்சிடும். மாறினது நுரையீரலைப் புண்ணாக்கும். நாளாக நாளாக அதிகம், சூடு காட்டினா இன்னும் வேகம். கலந்த உடனே இழுக்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும்." நோட்டை வாங்கிப் பதினோரு விதியையும் படித்தார். "நாங்களும் இதைத் தனியா அழுத்திச் சொல்லியிருக்கணும். அவ ஏதும் சொல்லலியா? நெஞ்சு இறுக்குதுன்னு?"

அம்மா நோட்டைத் திரும்ப வாங்கி மூடினாள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கா ஒன்பது நாள் அங்கே இருந்தாள். ஏழாவது நாள், டாக்டர் பக்கத்தில் நிற்க, நர்ஸ் அதே மருந்தைக் கண்ணெதிரே கலந்து மறுபடி ஆரம்பித்தார். அக்கா குழாயை வாயில் வைக்கப் பயந்தாள். ஒரு இழுப்பு இழுத்தாள், நிறுத்தினாள், இன்னொன்று இழுத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, குரல் இல்லாமல் சொன்னாள்: "இப்பக் கடிக்கல." அதில் கோபம் துளியும் இல்லை. நான் சொன்னது நிஜம்தானே என்று கேட்கிற மாதிரிகூட இல்லை. சும்மா தகவல் சொன்னாள். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வி.பி.எஸ். அவள் இல்லாமலே ஆரம்பமாகியிருந்தது. காகித மீன்களை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊதா பேனாவை அக்காவிடம் திருப்பிக் கொடுக்க நினைத்தேன். கொடுக்கவில்லை. அது எங்கே போனதென்று தெரியாது.

அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று மதியம், அவள் உள் அறையில் தூங்கிவிட்டாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இல்லாத நாட்களில் மாவு புளித்துப் பொங்கி, பிரிட்ஜ் தட்டெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. அம்மா துணியால் சுரண்டித் துடைத்தாள். தட்டின் ஓரத்தில் இரண்டு புட்டிகள் மிச்சம் இருந்தன. சனி காலை. சனி மாலை. சனி காலையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். சனி மாலையைக் கவிழ்க்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் மெஷினுக்கு எதிரே, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்து, டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். யாரும் சொல்லவில்லை. புட்டி வெளியே வந்தால் டம்ளர் வர வேண்டும், பழக்கம். அம்மா டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். புட்டியை அதற்குள் நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மருந்தை மெஷினில் ஊற்றினாள். குழாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். சுவிட்சைத் தட்டினாள். அக்காவுக்குச் சொல்லிக்கொடுப்பாளே, அதே மாதிரி நிதானமாக, ஆழமாக இழுத்தாள். நாலாவது இழுப்பில் தோள் தூக்கிப் போட்டது. ஐந்தாவதில் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, இருமினாள், மறுபடி குழாயை வைத்தாள். எனக்கு பயமாக இருந்தது. அந்தக் கோடை முழுவதிலும் எனக்கு பயம் வந்தது அப்போது மட்டும்தான். எழுந்து போய் மெஷினை அணைத்தேன்.

அம்மா குழாயை மடியில் வைத்தாள். மூச்சு வர நேரமானது. வந்ததும், அக்கா தூங்கிக்கொண்டிருந்த அறையின் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா கண்ணு. கடிக்குது."